பால் சோப்புக்கு வேர்த்த கதை

மார்ச் 4

அன்பு மருமகளுக்கு, உன் பால் சோப்புச் சாம்ராஜ்யத்தின் தற்காலிகக் காவலனாகிய மாமா ஆயிரம் ஆசிகளோடு எழுதுவது.

நீ வெளியூருக்கு வகுப்பெடுக்கப் போனதிலிருந்து உன் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கொசுகூட என்னிடம் அனுமதி வாங்கித்தான் அந்தப் பக்கம் போகிறது.

பால் சூடேறிப் பழுப்பாகக் கூடாது என்று நீ உள்ளே வைத்த சோப்பு அச்சைக் காலையில் வெளியே எடுத்தேன். எப்படிச் சொல்வேன்! சோப்புக்கு வேர்த்துவிட்டது. சாதாரண வேர்வையா? மேஜையிலிருந்து ஒரு நதியே புறப்பட்டது. படகு விடலாமா என்று யோசித்தேன். துடைக்கப்போய் மேலெல்லாம் குழி விழுந்துவிட்டது. கடைக்குக் கொடுக்கிற அழகில் இல்லை.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஐஸ் தண்ணீர் இல்லாமல் சாப்பாடு இறங்காத ஒருவர் இந்த வீட்டில் இருக்கிறார். ஃபிரிட்ஜ் எத்தனை தடவை திறந்து மூடியதோ, அது ஆண்டவனுக்கும் உன்னைக் கட்டிய மாப்பிள்ளைக்கும்தான் வெளிச்சம்.

உள்ளங்கை தீயாய் எரிகிறது. எல்லாம் உனக்கு எழுதி எழுதித்தான்.

இப்படிக்கு,
குளிர்ப்பெட்டிக் கோட்டைத் தளபதி,
உன் மாமா


மார்ச் 8

அன்புள்ள மாமாவுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்த வேகத்தில் அவருக்கு வாய்க்கு வந்ததெல்லாம் எழுதிவிட்டேன். முதல் ஆர்டர், மாமா. அதற்காக அந்தக் கடைப்படியை எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று உங்களுக்குத் தெரியும். அவரிடமிருந்து பதில் வந்தது: "ஆமாம், நான்தான் திறந்தேன். மாமாவை ஒன்றும் கேட்காதே. வேறு அச்சு ஊற்றி வைக்கிறேன்."

கேட்காதே என்று ஏன் எழுதினார்? உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

கதவைத் திறந்து மூடியதால் சோப்புக்கு வேர்க்காது, மாமா. காற்றுப் புகாமல் உறை சுற்றித்தானே வைத்தேன்? வெளியே எடுத்தாலும் உறையோடு அப்படியே விட்டு, சில்லிப்பு முழுக்கப் போன பிறகுதான் பிரிக்கணும். அதுவரை ஈரமெல்லாம் உறைமேல்தான் படியும். கிளம்பும்போது இதைத்தான் சொன்னேன். "என்னிடமா சொல்கிறாய்?" என்றீர்கள்.

கையைத் தண்ணீரில் நன்றாகக் கழுவி எண்ணெய் தடவுங்கள். இன்னும் காயாத பச்சைச் சோப்பை வெறுங்கையால் தொட்டால் அப்படித்தான் எரியும்.

கடைக்குக் கொடுப்பதற்குள் புதுச் சோப்பு காய நாள் இருக்கிறது, ஆர்டர் கைவிட்டுப் போகாது. புது அச்சையும் நீங்களே வெளியே எடுங்கள். அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 12

மருமகளே,

நான்தான் பிரித்தேன்.

சீட்டாட்டக் கூட்டாளிகள் வந்திருந்தார்கள். என் மருமகள் செய்தது, கடைக்குப் போகப்போகிறது என்று ஒரு சொற்பொழிவு ஆற்றி, சில்லென்று இருக்கும்போதே உறையை உருவிவிட்டேன். அவர்கள் கைதட்டி முடிப்பதற்குள் முத்து முத்தாக ஈரம். பதறிப்போய்த் துண்டால் தேய்த்தேன். இருந்த வழவழப்பும் போயிற்று. நதியெல்லாம் இல்லை. ஒரு கைக்குட்டை நனைகிற ஈரம்தான்.

மாப்பிள்ளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை வாங்கி அலசிக் காயப்போட்டார். அன்றைக்குச் சாயங்காலம்தான் உட்கார்ந்து உனக்கு ஐஸ் தண்ணீர் கதை எழுதினேன்.

நான் எழுதியது இப்போது அவருக்கும் தெரியும். ஆனாலும் சாப்பிட உட்கார்ந்தால் முதலில் எனக்குத்தான் பரிமாறுகிறார். ஐஸ் தண்ணீர் குடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று புது அச்சை எடுத்து மேஜைமேல் வைத்தேன். உறைமேல் படிந்த ஈரத்தை மட்டும் ஒற்றினேன். இப்போது தொட்டால் சில்லிப்பு இல்லை. இருந்தாலும் பிரிக்கவில்லை. மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து பிரிக்கட்டும். அவரிடம் சொல்லவேண்டியதை அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஃபிரிட்ஜில் அச்சு இருந்த இடத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன்.

மாமா