சத்து மாத்திரை சாப்பிட்டவர்களின் ரத்தம்

காடாம்புலியூர்,
24.6.2012, ஞாயிறு.

அன்புள்ள அறிவழகனுக்கு அப்பா கோவிந்தசாமி எழுதுவது.

நலம் என்று தொடங்குவது வழக்கம். இந்தக் கடிதத்தில் அதற்கு இடமில்லை. போனில் பேசலாம் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். போன தடவை நான் பேச்சை எடுத்ததும் நீ வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கடைசி வரை படி.

நீ வெளிநாட்டிலிருந்து ஏற்பாடு செய்த ஆக்சிஜன் மிஷின் இரண்டாம் தேதி வந்து சேர்ந்தது. அது கரண்டில் ஓடுகிறது. இங்கே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், சில நாள் பத்து மணி நேரம் கரண்ட் இல்லை. மிஷின் நின்றதும் அம்மா இரண்டு கையையும் கட்டில் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விடுகிறாள். கேட்டால், என் புள்ள அனுப்புனது, அதைக் குத்தம் சொல்லாதீங்க என்கிறாள். நான் குற்றம் சொல்ல வந்தது மிஷினை அல்ல.

புயல் அடித்த பிறகு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். போனில் நீ கேட்டது பாதிதான்.

டிசம்பர் 30ஆம் தேதி காற்றில் நம் பக்கத்து முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன. பொன்னுரங்கம் முதலாளியின் வறுப்புக் கொட்டகைக்குக் கூரையே மிஞ்சவில்லை. வேலை நின்றது. பதினோராம் நாள் உன் அம்மா குடத்தைத் தூக்கப் போய் அப்படியே விழுந்தாள். அதே வாரம் கொட்டகையில் வேலை செய்த இன்னும் ஆறு பெண்கள் விழுந்தார்கள். கொட்டகைப் புகை இல்லாமல் பதினோரு நாள் இருந்தவர்கள் தேற வேண்டும் அல்லவா? எல்லோருக்கும் மூச்சு முன்னைவிட மோசமானது. கடலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

அங்கே மாலதி என்று ஒரு டாக்டர். உன்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். பீடி உண்டா என்று கேட்டார். இல்லை. வேறு மருந்து ஏதாவது? இல்லை என்றாள் அம்மா. அந்தப் பெண் அதோடு விடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும் வரை வாயில் போடுவது ஒவ்வொன்றையும் சொல்லுங்கள் என்றார். துணைக்கு வந்திருந்த இருசம்மாள்தான் சொன்னாள்:

“காலையில நீராகாரம், பத்து மணிக்குக் கொட்டாயில டீ, டீயோட சத்து மாத்திர. மேஸ்திரி காத்தவராயன் டப்பாவுலேர்ந்து ஆளுக்கு ரெண்டு எண்ணிக் குடுப்பாரு. போட்டா நெஞ்சு லேசாயிடும், சாயங்காலம் வரைக்கும் இழுக்காது. அது மருந்து இல்லீங்கம்மா, மொதலாளி குடுக்குறது.”

மேஸ்திரி வராத நாளுக்கென்று சுருக்குப் பையில் நாலு மாத்திரை வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி மருந்தாளுநர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். ஸ்டீராய்டு. பத்து வருஷமாக டீயோடு ஸ்டீராய்டு சாப்பிட்டிருக்கிறார்கள். திடீரென்று நின்றதும் உடம்பு கவிழ்ந்துவிட்டது.

நம் ஊரில் மருந்து என்றால் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுப்பது. வேலை செய்யும் இடத்தில் டீயோடு வருவதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதை மாலதி டாக்டர் அறியாதது நியாயம். அவர் மதுரைப் பக்கம். நீ இந்த ஊரில் பிறந்தவன். உன் அம்மா அந்தக் கொட்டகையில் வறுத்துத்தான் நீ படித்தாய்.

அம்மாவுக்கு அன்று ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு நாற்பத்திரண்டு. சளியில் தொற்றும் இருந்தது, அதனால் கூடியிருக்கலாம் என்றார்கள். தொற்று அடங்கி ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். பதினான்கு. ஐந்துக்குள் இருக்க வேண்டியது. 2006இல் உன் எம்.டி. ஆய்வுக்காக நீ பார்த்தபோது அம்மாவுக்கு இரண்டு. உன் தீசிஸில் இருபத்தாறாம் எண் அம்மாதான்.

அந்த ஆகஸ்ட் மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொட்டகை வாசலில் மேசை போட்டு நாற்பத்தெட்டுப் பெண்களிடம் ரத்தம் எடுத்தாய். பண்ருட்டி டெப்போவில் நான் நேரக் காப்பாளராக இருந்ததால், 12.40 சிதம்பரம் வண்டியை நாலு நிமிஷம் நிறுத்தி வைத்து உன் ஐஸ் பெட்டியை டிரைவர் பக்கத்தில் ஏற்றினேன். என் சர்வீஸில் நான் வேண்டுமென்றே தாமதப்படுத்திய ஒரே வண்டி அது. நுரையீரல் வருஷக்கணக்காகப் புண்பட்டிருந்தால் ரத்தத்திலேயே தெரிந்துவிடும்பா, ஆளே பேச வேண்டாம், ரத்தம் பேசிடும் என்று நீதான் எனக்கு விளக்கினாய்.

டீயோடு வந்த மாத்திரை அந்த ரத்தத்தைப் பேசவிடாமல் அமுக்கியிருந்தது. நீ அதைப் பார்க்கவில்லை. புகைபிடிக்காத முந்திரி வறுப்புப் பெண்களின் ரத்தத்தில் அழற்சிக் குறிகள் இயல்பான அளவிலேயே உள்ளன என்று எழுதினாய். பைண்டு செய்து வந்த முதல் பிரதியை வெற்றிலை பாக்குப் பழத்தோடு தட்டில் வைத்துப் பொன்னுரங்கம் வீட்டில் கொடுத்தவன் நான். வாசலில் ரத்தம் எடுக்க இடம் கொடுத்தாரே, மரியாதை செய்ய வேண்டாமா என்று. அந்த முட்டாள்தனம் என்னுடையது. அதை உன் தலையில் கட்டவில்லை.

அந்தப் பிரதிதான் இப்போது கடலூரில் இழப்பீட்டு விசாரணையில் முதலாளி தரப்பு வைத்திருக்கும் ஆவணம். வழக்கு போட்டவர்கள் முப்பத்தொரு பெண்கள். நீ ரத்தம் எடுத்த நாற்பத்தெட்டுப் பேரில் ஏழு பேர் உயிரோடு இல்லை. முதலாளியின் வக்கீல் உன் பெயரைப் பட்டங்களோடு படித்துவிட்டு, இந்த அம்மாளின் சொந்த மகனே டாக்டர், கொட்டகைப் புகையால் ஒன்றும் இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார் என்றார். அம்மா எழுந்து கும்பிட்டாள். உன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நான் பின் பெஞ்சில் இருந்தேன்.

மார்ச்சில் உன்னிடம் கேட்டேன். ஒரு பக்கம் எழுதிக் கொடு, அந்தப் பெண்கள் ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தார்கள், அது சி.ஆர்.பி.யை அமுக்கும், ஆகவே முடிவு செல்லாது என்று. நீ சொன்னாய்: “பழைய தீசிஸ்ப்பா. இப்ப போய்க் கிளறுனா இங்க என் லைசென்ஸுக்கே ஜாஸ்தி பிரச்சனை ஆயிடும். அவுங்க மருந்து இல்லன்னு சொன்னாங்க, நான் எழுதுனேன்.”

இப்போது அம்மா என்ன செய்யப் போகிறாள் தெரியுமா? வக்கீல் பாராட்டவில்லை என்பதை இருசம்மாள் அவளுக்குப் புரிய வைத்துவிட்டாள். அன்றிலிருந்து ஒரே பேச்சு. ஜூலை 16 விசாரணையில் எழுந்து நின்று, “என் புள்ள கேட்டான், நாந்தான் மாத்திர சாப்புடலன்னு பொய் சொன்னேன், தப்பு என்னுது” என்று சொல்லப் போகிறாளாம். அவள் அப்படிச் சொன்னால் வழக்கு முடிந்தது. அன்று பொய் சொன்னவர்கள் இன்றும் பொய்தான் சொல்வார்கள் என்று வக்கீல் உட்கார்ந்துவிடுவார். இருசம்மாள் இங்கே வந்து கத்திவிட்டுப் போனாள்: “உன் புள்ளயக் காப்பாத்த எங்க முப்பது பேரையும் பொய்க்காரியாக்குறியா அமராவதி?” நாற்பது வருஷச் சிநேகிதிகள். இப்போது பேச்சு இல்லை.

அறிவழகா, உன் பழைய டிரங்குப் பெட்டியைப் போன வாரம் திறந்தேன். நீ அன்று நிரப்பிய பட்டியல் தாள்கள் எல்லாம் இருக்கின்றன. வேறு மருந்து என்ற கட்டத்தில் முதல் பதினோரு பேருக்கு ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டாம் ஆளிலிருந்து நாற்பத்தெட்டு வரை எழுத்தே இல்லை. மேலிருந்து கீழாக ஒரே கோடு. உன் மை, உன் கை. வண்டிக்கு நேரமாகிவிட்டது, இல்லையா? அம்மா இருபத்தாறாம் எண். அவளை நீ கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பொய் சொன்னதாக அவள் சபையில் ஒப்புக்கொள்ளப் போகிறாள்.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்த வருஷம் அம்மாவின் முகம் வட்டமாக உப்பியிருந்தது. “மவன் பெரிய டாக்டராவப் போறான்னதும் ஆத்தாளுக்குக் கன்னத்துல சதை போட்டுடுச்சி” என்று அந்த மேசை முன்னால்தான் இருசம்மாள் கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதே முகத்தை வார்டு வாசலிலிருந்து பார்த்ததுமே ஸ்டீராய்டு முகம் என்று சந்தேகப்பட்டுத்தான் மாலதி டாக்டர் அப்படித் துருவிக் கேட்டாராம். உனக்குத் தெரியாமல் இருந்ததா, தெரிந்தும் பஸ் பிடிக்க ஓடினாயா என்று நான் கேட்கப் போவதில்லை. பதில் எதுவாக இருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது.

ஜூலை 10ஆம் தேதிக்குள் உன் கையெழுத்திட்ட தாள் எனக்கு வர வேண்டும். எல்லோரையும் கேட்கவில்லை, கோடு போட்டேன் என்று அதில் இருக்க வேண்டும். வராவிட்டால் பதினாறாம் தேதி அம்மா எழுவதற்கு முன்னால் நான் எழுந்து, பெட்டியில் இருந்த தாள்களைக் கொடுத்துவிடுவேன். அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் தாள்களை அடுப்பில் போட்டுவிடுவாள். பக்கத்து வீட்டுப் பக்கிரியிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

உன்னை எழுதச் சொல்வது உன்னைக் கெடுப்பதற்கு அல்ல. நீயாகச் சொன்னால் அது திருத்தம். நான் சொன்னால், தகப்பனே மகனுக்கு எதிராகச் சாட்சி. அதைச் செய்ய எனக்கு மனம் இல்லை. ஆனால் செய்வேன்.

நான் என்ன எழுதுகிறேன் என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். உடம்பைப் பற்றி என்றேன். குளிரில் காதைக் கட்டிக்கொள்ளச் சொல், நேரத்துக்குச் சாப்பிடச் சொல், அவனுக்கு ஒரு குறையும் வராது என்று எழுது என்றாள். எழுதிவிட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், அறிவழகா. அவளைப் பொய்க்காரி ஆக்காமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
கோ. கோவிந்தசாமி