ஹார்மோனுக்கு மசியாத பருத்தி

22 செப்டம்பர் 2025

காங்கேயம் பேருந்தில் நின்றுகொண்டே வந்ததில் கால் விண்விண்ணென்கிறது. ஆனாலும் செடிகள் நன்றாக இருக்கின்றன. கல்லூரியில் நிலம் இல்லை என்று கைவிரித்துவிட்டதால், மரபில் மாற்றம் வரக் கதிர்வீச்சு கொடுத்த பருத்தியின் இரண்டாம் தலைமுறையை அப்பாவின் காட்டில் விதைத்திருக்கிறேன். இதற்குள் எங்கேயோ ஒரு குட்டைச் செடி இருக்க வேண்டும். வளர்ச்சி ஹார்மோனைத் தெளித்தாலும் நீளாமல், நான் இப்படித்தான் என்று நிற்கிற செடி. அது கிடைத்தால்தான் எனக்கு முனைவர் பட்டம். நான்காவது வருடம் இது. வேறு விதையும் கையில் இல்லை.

29 செப்டம்பர்

வெள்ளை ஈ தெரிகிறதாம், அப்பா போனில் சொன்னார். கருத்தரங்கு முடித்து நானே வருகிறேன், அதுவரை எதையும் அடிக்க வேண்டாம் என்றேன். "செரி கண்ணு" என்றார்.

11 அக்டோபர்

போச்சு. எல்லாம் போச்சு.

இலைகள் கோழிக்கால் மாதிரி விரல் விரலாகச் சுருங்கிக் கிடக்கின்றன. தண்டெல்லாம் முறுக்கல். பார்த்ததுமே தெரிந்துவிட்டது — டூ-ஃபோர்-டி. சோளக்காட்டுக் களைக்கு அடிக்கும் மருந்து. பருத்திக்கு அது துளி பட்டாலே போதும்.

நான் வருவதற்குள் பூச்சி தின்றுவிடும் என்று பயந்து, பக்கத்துக் காட்டு சென்னிமலை அண்ணனின் மருந்து டேங்கை இரவல் வாங்கி அப்பா பூச்சிமருந்து அடித்திருக்கிறார். அதே டேங்கில் முந்தின நாள்தான் அந்த அண்ணன் களைக்கொல்லி கலக்கியிருக்கிறார்.

"நல்லா அலசிப்போட்டுத்தான் கண்ணு அடிச்சேன்."

"அலசினாப் போயிருமுங்களா? உங்களை யாருங்க அடிக்கச் சொன்னது? என்ற படிப்பையே கொன்னுபோட்டீங்களேப்பா!"

கிணற்றடிக்குக் கால் கழுவப் போனவர் இருட்டும்வரை வீட்டுக்கு வரவில்லை. வரட்டும், வராமல் போகட்டும்.

13 அக்டோபர்

என் வழிகாட்டி விமலாராணி மேடம் படங்களைப் பார்த்துவிட்டு, "உழுதுட்டு அடுத்த பருவத்துல ஆரம்பிம்மா" என்றார். எதை வைத்து ஆரம்பிப்பது? மண்ணை வைத்தா?

20 அக்டோபர்

தீபாவளி. நான் அப்பாவிடம் பேசவில்லை. அவரும் பேசவில்லை.

21 அக்டோபர்

உழுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை நடந்து பார்த்தேன். நடு வரிசையில் ஒரு செடி. குட்டையும் இல்லை, நெட்டையும் இல்லை. ஆனால் இலை அகலமாக இருக்கிறது, தண்டு நேராக இருக்கிறது. சுற்றியுள்ளதெல்லாம் முறுக்கிக் கிடக்க இதற்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை!

டூ-ஃபோர்-டியும் ஹார்மோன்தானே. செடி தானே சுரக்கும் ஆக்சினுக்குப் போலி. நான் தேடியது ஒரு ஹார்மோனுக்கு மசியாத செடியை. இது இன்னொன்றுக்கு மசியாததா? இல்லை, மருந்து படாமல் தப்பித்ததா?

மேடம் போனிலேயே சிரித்தார். "உங்கப்பா ஒரு எட்டு தள்ளி அடிச்சிருப்பார் மோகனா. கனவு காணாதே."

வேறு வழியில்லாமல் அப்பாவைக் கூட்டி வந்து கேட்டேன். "இந்தச் செடிக்கு அடிக்காம உட்டுப்போட்டீங்களா?"

செடியைச் சுற்றி வந்து பார்த்தார். "உட்டிருக்க மாட்டேன் அம்மணி. ஆனா சத்தியமாத் தெரியல."

அடித்தேன் என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பேன். இந்த மனுசருக்குப் பொய்கூட வராது.

2 நவம்பர்

அதன்மேலேயே களைக்கொல்லியை அடித்துப் பார்த்தால் சில நாளில் தெரிந்துவிடும். தப்பாகப் போனால் இருக்கிற ஒன்றும் போய்விடும். விதைக்குக் காத்திருக்கிறேன். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

வேறு மகரந்தம் நுழையாமலிருக்க, மறுநாள் மலரப்போகும் மொட்டுகளின் நுனியைத் தினமும் நூலால் கட்ட வேண்டும். நான் இருப்பது கல்லூரிப் பக்கம், சரவணம்பட்டியில். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்பா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

18 ஜனவரி 2026

காய் வெடித்துவிட்டது. ஒரு கைப்பிடி விதை. அம்மாவுக்கு நன்றி சொன்னால், "நா எங்க கட்டுனே? உங்கப்பாதான் தெனமும் பொழுதோட போயிக் கட்டுனாரு. உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னுட்டாரு" என்கிறாள்.

எரிச்சலாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

23 பிப்ரவரி

கல்லூரி வலைக்கூடத்துத் தொட்டிகளில் அதன் விதை ஒரு பக்கம், சாதாரணப் பருத்தி மறுபக்கம். இன்று இரண்டின் மீதும் டூ-ஃபோர்-டி அடித்தேன், என் கையாலேயே.

9 மார்ச்

சாதாரணப் பருத்தி அத்தனையும் சுருண்டுவிட்டது. அந்தச் செடியின் பிள்ளைகள் எல்லாம் நேராக நிற்கின்றன. எல்லாம்!

மேடம் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தார். "ஆய்வுத் தலைப்பை மாத்தி எழுதிக் கொண்டா" என்றார்.

14 மார்ச்

அப்பா பார்க்க வந்தார். வலைக்கூடத்துக்குள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார்.

"தொட்டுப் பாருங்கப்பா. ஒண்ணும் ஆகாதுங்க."

"வேண்டாங் கண்ணு. என்ற கை பட்டு..." முடிக்கவில்லை.

தண்ணீர் ஊற்றும் நேரம். பூவாளியை நிரப்பி அவர் கையில் கொடுத்தேன்.

வாங்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகுதான் ஊற்றினார்.