அண்ணியின் ஸ்டேஷன்

அண்ணி, இன்று காலை எழுந்ததும் முதலில் உங்கள் ஸ்டேஷனைக் கூட்டினேன். இரவெல்லாம் மழை. புல்லைச் செதுக்கியபோது பச்சை வாசனை எழுந்தது; உங்கள் சேலைத் தலைப்பில் எப்போதும் இருந்த அதே வாசனை.

வீட்டுக்குப் பின்னால், மலையடியில் ஒரு துண்டு சமநிலம்; அதுதான் உங்கள் ஸ்டேஷன். ஓட்டுக் கேட்டு வந்த ஒருவரிடம் நீங்கள் இந்தத் தீவில் நம் ஊருக்கு ரயில் கேட்டீர்கள். அவர் சிரிக்காமல், "ஜகா காலி ரக்னா, பஹன்ஜி" என்றார். இடத்தைக் காலியாக வைக்கச் சொல்லிவிட்டாரே என்று மறுநாளே அங்கிருந்த பாக்குக் கன்றுகளைப் பிடுங்கி மேட்டில் நட்டீர்கள். அண்ணன் பல நாள் உங்களோடு பேசவில்லை.

அதன்பின் எந்தக் கட்சிக் கொடி வந்தாலும் நாம் இருவரும் போய் நின்றோம். "பஜார் இந்தி எனக்கு வரும் பாப்பா. இவங்ககிட்ட ஆபீஸ் இந்தி பேசணும். அதுக்குத்தானே ஒன்ன காலேஜுக்கு அனுப்புனோம்" என்பீர்கள். ரங்கத் போகும் பஸ்ஸில் கண்டக்டர் உங்களைச் சீண்டாமல் விடமாட்டார்.

"என்ன ஸ்டேஷன் மாஸ்டரம்மா, ஒங்க டிரெயின் லேட்டா?"

"ஒங்க பஸ்ஸு வழியில நிக்கும் தம்பி. என் டிரெயின் இன்னும் கெளம்பவே இல்ல. எங்க நிக்கப்போகுது?"

பஸ்ஸே சிரிக்கும். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நீங்கள் சிறுமியாக இருந்தபோது, பிரசவத்தில் மயங்கிக் கிடந்த உங்கள் அம்மாவை ரயிலில் ஏற்றித்தான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மா அதே ரயிலில் திரும்பி வந்தார். "மலையில இருக்கவங்களுக்கு ரயிலுதான் உசுரு" என்பீர்கள்.

உடம்புக்கு முடியாத உங்களைப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, கடற்கழியைக் கடக்க, வண்டிகளை ஏற்றும் படகு வரவேண்டியிருந்தது. ஜீப்பில் என் மடியில் உங்கள் தலை.

"போட்டு வந்துருச்சா பாப்பா?"

"வருது அண்ணி."

படகு வந்தபோது நீங்கள் இல்லை.

போன வாரம் ரயில் பாதைக்கு அளக்க வந்தவர்கள், ரயில் வந்தாலும் கடலோரமாகத்தான் போகும், இந்தப் பக்கம் ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் பாக்குக் கன்றுகளை வாங்கித் தாழ்வாரத்தில் வைத்திருக்கிறார். "இனி என்னத்துக்குச் சும்மா கெடக்கணும்? நட்டுரவா?" என்று என்னைக் கேட்டார். கேட்டுவிட்டு அந்த நிலத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓட்டுக் கேட்டு வருகிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டரம்மா வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் நான் ரயில் கேட்கப்போவதில்லை, அண்ணி. இந்த இடத்தில் ஒரு டாக்டர் தங்குகிற ஆஸ்பத்திரி கட்டுங்கள், நிலம் நாங்கள் தருகிறோம் என்று சொல்லப்போகிறேன். நீங்கள் இத்தனை வருஷம் கூட்டிவைத்த ஸ்டேஷனை நான்தான் மூடுகிறேன். அண்ணனுக்குக்கூட இன்னும் தெரியாது. அவர்கள் வரும்வரை தினமும் காலையில் கூட்டுவேன்.