கொழுந்தும் முற்றலும்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. முழங்கால் குடைச்சல். ரிங்லெட் ஊர் கிளினிக்கில் சளி, சளி, சர்க்கரை, மறுபடி சளி.

மதியம் தேயிலைத் தோட்டத்து அஞ்சலை ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கஸ்தூரியின் மகன், இரண்டு வயது. குளவி கொட்டி முகம் பன் மாதிரி. பின்னால் கஸ்தூரி, செருப்பில்லாமல். செடியோரம் சாக்கு விரித்து உட்கார வைத்துவிட்டுக் கொழுந்து வெட்டியிருக்கிறாள். வேறு எங்கே விடுவாள்? பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையை மூடி ஒரு வருஷம்.

டாக்டர் ஊசி சொன்னார், நர்ஸ் நான் போட்டேன். பையன் பிழைத்தான், நன்றி ஆண்டவரே.

அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கோயில் மண்டபம் சும்மாத்தானே கெடக்கு மிஸ்ஸி, அங்க புள்ளைங்கள விடலாம்லா. கமிட்டி அத முட்டைக்கோஸ் அடுக்க கோலா தெர்லா காய்கறி மொதலாளி தவுக்கேகிட்ட குடுக்கப் போவுதாம்."

முட்டைக்கோஸுக்குக் கூரை, பிள்ளைக்குக் குளவி.

வாங்க: உப்பு, தைலம், டார்ச் பேட்டரி.

ஜூலை 9, புதன்

வெயில், அதிசயம். கோயில் தலைவர் முனியாண்டி தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மனைவி லெட்சுமியோடு வந்தார். கியா பார்ம் காய்கறிச் சந்தைக்கு லாரி ஓட்டுகிறவர். மண்டபம் யாருக்கு என்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டாம், நான் எண்ண வேண்டுமாம். "நீங்க வேதக்காரங்க மிஸ்ஸி. எந்தப் பக்கமும் இல்ல." தலையாட்டி வைத்தேன். எந்தப் பக்கம் என்று எனக்கல்லவா தெரியும்.

இதுவரை வீட்டுக்கு ஒரு கை. ஆம்பளைக் கை.

லெட்சுமிக்கு பிரஷர் அதிகம். எத்தனை நாளாகத் தலைவலி என்றேன். "அவரக் கேளுங்க மிஸ்ஸி." தலைவலி இவளுக்கு!

ஜூலை 12, சனி

பனி. சாயங்காலம் அஞ்சலை வீட்டில் தேநீர். பெண்கள் ஏழு பேர், ஒரே பேச்சு, ஒரே சிரிப்பு. பிஸ்கட் நமத்துப்போனது.

அஞ்சலை ஒரு தாளை நீட்டினாள். டவுன்காரர்கள் உள்ளே வந்துவிடக் கூடாது என்று போன வருஷம் முனியாண்டியே எழுதி மறந்துபோன விதி: செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாள் பதிவில், பெயர் உள்ளவருக்கு மட்டுமே ஓட்டு. கூடவே இந்த மாதச் செக்ரோல். "இதுல நம்ம ஆம்பளைங்க எத்தன பேரு, எண்ணுங்க மிஸ்ஸி."

எண்ணினேன். லாரி ஓட்டவும் காய்கறிப் பார்முக்கும் போனவர்கள் போக, நான்கு பேர். பெண்கள் இருபது. முனியாண்டி பெயரே இல்லை! தேநீர் மூக்கில் ஏறிவிட்டது எனக்கு.

மிச்சம், ஒப்பந்தத்தில் வந்த நேப்பாளி ஆண்கள் ஏழு பேர். வெள்ளி தவறாமல் கோயிலில் விளக்கேற்றுகிறவர்கள். கஸ்தூரி பயந்தாள். "அவங்க பேர அடிச்சிருவோம்க்கா. ஆம்பளைங்க, தலைவர் பக்கம் போயிட்டா?"

"நம்மளயும் இப்படித்தான்டி வந்தேறின்னு சொல்றாங்க," என்றாள் அஞ்சலை. "இருக்குற பேர அடிக்க நாம யாரு? தோத்தா தோத்துட்டுப் போறோம்."

நானாக இருந்தால் அடித்திருப்பேன். உண்மையைத்தானே எழுத வேண்டும் இங்கே.

ஜூலை 13, ஞாயிறு

தூறல். காலை பூசைக்கு சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே மாரியம்மன் கோயில்.

விதியையும் செக்ரோல் பட்டியலையும் வாசித்தேன். முனியாண்டி முகம் போன போக்கு! "கோயில் காரியத்துல பொம்பளைங்க முடிவு பண்றதா?"

அஞ்சலை குரலை உயர்த்தவே இல்லை. "ஜப்பான்காரன் ஆம்பளைங்கள சயாம் ரயில் போடப் புடிச்சிட்டுப் போனப்ப இங்க வெளக்கு ஏத்துனது யாரு தலைவரே? பொம்பளைங்கதான். விதியும் நீங்க எழுதுனதுதான்லா." முனியாண்டி குடையோடு வாசலில் போய் நின்றார்.

எழுத்து தெரியாதவர்களும் இருப்பதால் சீட்டு இல்லை. இதுவும் அஞ்சலையின் யோசனை. ஆளுக்கு ஒரு கொழுந்து, ஒரு முற்றல் இலை. கொழுந்து போட்டால் மண்டபம் பிள்ளைகளுக்கு. முற்றல் என்றால் முட்டைக்கோஸுக்கு. ஒன்று என் மருந்துப் பெட்டிக்குள், மற்றது மூடிய கைக்குள். வீடு போகும்வரை கையைத் திறக்கக் கூடாது.

நேப்பாளி ஒருவன் போட்டுவிட்டு போனில் மகள் படத்தைக் காட்டினான். மூன்று வயது. இன்னும் தூக்கியதே இல்லையாம்.

கொழுந்து 16. முற்றல் 15. மூன்று தடவை எண்ணினேன். விரலெல்லாம் பச்சை வாசம்.

கஸ்தூரி ஓவென்று அழுதாள். அஞ்சலை விளக்குமாற்றை எடுத்து மண்டபத்தைப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள். பார்த்துக்கொண்டே நின்றேன். முப்பது வருஷ அரசாங்க வேலையில் ஒரு கூட்டத்திலும் நான் வாய் திறந்ததில்லை. இவள் என்ன பெண்ணப்பா!

வாசலில் முனியாண்டி லெட்சுமியை மறித்தார். "கையக் காட்டு." அவள் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு மழையில் நடந்தாள்.

ஜூலை 16, புதன்

மழை. தைலம் வாங்க மறந்துவிட்டேன். மண்டபத்தில் ஒன்பது பிள்ளைகள். கஸ்தூரி மகனுக்கு வீக்கம் வடிந்துவிட்டது, பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கிறானாம்.

லெட்சுமி தனியாக வந்தாள். பிரஷர் நார்மல். தலைவலி? "போயிருச்சு மிஸ்ஸி." அவரைக் கேட்கச் சொல்லவில்லை.

"அவருதான் விடாம கேக்குறாரு, என்ன எல போட்டேன்னு."

"நீ என்ன சொன்ன?"

"செக்ரோல்ல உங்க பேரு இருக்கான்னு கேட்டேன்."