கொட்டிய குடுவை

சோப்புக்காரருக்கு,

இங்கே எல்லாம் பரவாயில்லை. உங்களுக்கென்ன, உங்கள் அக்கா வீட்டில் ராஜ உபசாரமாக இருக்கும்.

நம் ஆய்வுக்கூடத்து ஈஸ்ட் இன்று வாரிக் கொடுத்துவிட்டது. எண்ணெயை எரித்துத் தீர்க்கிற அதன் இன்னொரு மரபணுவையும் வெட்டியெடுத்தேன். கொடுத்த சூரியகாந்தி எண்ணெயை அப்படியே சோப்பாக மாற்றி, தேன்போல் குடுவையின் அடியில் இறக்கியிருக்கிறது.

முதல் குடுவை ஞாபகம் இருக்கிறதா? "எண்ணெய் கெட்டுப்போச்சு, தொட்டியில கொட்டிட்டேன்" என்று பெருமையாக வந்து நின்றீர்கள். "எண்ணெய்னா மேல மிதக்காதா? அடியில கெடந்தது என்னன்னு யோசிக்க மாட்டீங்களா?" என்று ஆய்வுக்கூடமே அதிரக் கத்தினேன். அப்போதுதான் துப்புரவு செய்கிற அம்மா ஓடிவந்தார்.

"நான் வேலைக்கு வந்ததுலேருந்து அடைச்சுக் கெடந்த தொட்டி சார்! இப்ப மடமடன்னு தண்ணி எறங்குது. அப்படி என்னத்த ஊத்துனீங்க?"

ஈஸ்ட் சோப்பு செய்துவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று நமக்குத் தெரிந்தது அந்தத் தொட்டியைப் பார்த்துத்தான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. உங்களுக்கு இந்தப் பெயரும் அன்று வந்ததுதான்.

போன மாதச் சண்டை எதில் தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. என் சத்தம் மட்டும்தான் நினைவிருக்கிறது.

நம் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. குழாய்க்காரரைக் கூப்பிடவில்லை. ஈஸ்டை வடிகட்டிவிட்டு ஒரு புட்டி நிறைய அந்தச் சோப்பை எடுத்துவந்து வைத்திருக்கிறேன்.

கொட்டத்தான் ஆள் இல்லை.

இப்படிக்கு,
இப்போதெல்லாம் அவ்வளவாகக் கத்தாதவள்