உருண்டையின் முதுகில் நின்ற சேணம்

அன்பு மூத்தவளுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும், நீ எங்களிடம் விட்டுப்போன நாலுகால் பிள்ளை உருண்டையும் சௌக்கியம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, மழையில் நனையாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உன் அப்பா குறுக்கே புகுந்து முடிவை முதலில் சொல்லிவிடுவார், அப்புறம் நான் சொல்ல என்ன இருக்கும். இது முழுக்க உன் தங்கையைப் பற்றிய கடிதம். அவளை நேரில் புகழ முடியவில்லை, ஆரம்பித்தாலே 'போதும்மா, ஐஸ் வைக்காதே' என்று எழுந்து போய்விடுகிறாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

உருண்டையின் தோளைப் பழைய சேணத்தின் மரச்சட்டம் கடித்துப் புண்ணாக்கியது என்றுதானே, போகும் முன் நீ அந்தச் சட்டமில்லாத மெத்துச் சேணத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாய். புண் அழகாக ஆறிவிட்டது, அதில் குறையில்லை. ஆனால் சேணம் நிற்கவில்லை. மற்றக் குதிரைகளுக்குக் கழுத்தடியில் ஒரு மேடு இருக்கிறது, சேணம் அதில் முட்டிக்கொண்டு நிற்கும். நம்முடையவளுக்கு மேடும் இல்லை பள்ளமும் இல்லை, பெயருக்கு ஏற்ற உடம்பு, பீப்பாயைப் படுக்கவைத்தது போல. லாயக்காரம்மா நடத்துகிற குதிரையேற்ற வகுப்புக்கு வருகிற பல் டாக்டர் ஒருவர் அங்கவடியில் கால் வைத்து ஏறும்போது சேணம் அப்படியே சுழன்று அவள் வயிற்றுக்கடியில் போய்விட்டது. நல்லவேளை, கால் கழன்றுகொண்டது. மனிதர் மணலில் மல்லாந்து படுத்தபடியே, 'இப்ப நான் எந்திரிக்கணுமா, இல்ல இதுவும் பாடத்துல சேர்த்தியா' என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்கள், லாயக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, 'எனக்கு உங்க மூத்த பொண்ணு மேலயும் கோபமில்ல, குதிரை மேலயும் கோபமில்ல. ஆனா மேல ஆளை ஏத்த முடியாத குதிரைக்கு நான் இடமும் தீவனமும் குடுத்துக்கிட்டே இருக்க முடியாது. மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணுங்க, இல்லன்னா அவளை விலைக்குக் கேட்டு ஒருத்தர் காத்திருக்கார்' என்று சொல்லிவிட்டார். உனக்கு அப்போதே சொல்லியிருந்தால் பாதி ராத்திரியில் டிக்கெட் தேடியிருப்பாய், அதனால் வாயை மூடிக்கொண்டோம்.

முதலில் களத்தில் இறங்கியது உன் அப்பா. டிப்போவில் பஸ் சக்கரத்துக்கு நட்டு முறுக்குகிற மாதிரி வயிற்றுப்பட்டையை இழுத்து இறுக்கினார். உருண்டை சும்மா இருப்பாளா, மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொண்டு நின்றாள். இவர் வெற்றி வீரர் போல என்னைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் மூச்சை விட்டாள், பட்டை தொளதொளவென்று ஆனது. மறுபடி இறுக்கப் போனபோது அவர் சட்டைப் பையைக் கடித்து இழுத்துவிட்டாள், பை அவள் பல்லோடு வந்துவிட்டது. அடுத்து என் முறை. படித்தவள் இல்லையா, புத்தகம் பார்த்து, மெத்தை தடிமனாக இருந்தால் நல்லது என்று நானாகவே முடிவு கட்டி, சேணத்துக்கு அடியில் போட இருப்பதிலேயே தடித்த மெத்தையாக ஒன்று வாங்கி வந்தேன். உருண்டை இன்னும் உருண்டையானதுதான் மிச்சம். தலையணைக்கு மேல் தலையணை அடுக்கி அதன் மேல் ஆளை உட்காரவைத்தால் எப்படி இருக்கும், அப்படி ஆடியது.

உன் தங்கை எங்கள் இரண்டு பேரையும் ஒன்றும் சொல்லவில்லை. கல்லூரி விட்டதும் நேரே லாயத்துக்குப் போனாள். என்னைக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லிவிட்டு, பின்னாலேயே குனிந்து குனிந்து பார்த்தபடி வந்தாள். அப்படிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள், எல்லாரும் இடது பக்கமாக ஏறுகிறார்கள், பட்டையில் ரப்பர் நாடா வலது பக்கம் மட்டும் இருக்கிறது, ஏறுகிறவர் இழுக்கிற இழுப்புக்கு அந்தப் பக்கம் நீண்டு கொடுக்கிறது. லாயத்தில் கிடந்த பட்டைகளையெல்லாம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் அவள் எடுத்தது ரப்பரே இல்லாத, மெல்லிய கயிறுகளை வரிசையாகச் சேர்த்துப் பின்னிய அகலமான பட்டை. அது உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, முன்னங்காலுக்கு இடம் விட்டு வளைந்திருப்பதால் சேணத்தை முன்னால் இழுப்பதும் இல்லை. மெத்தையில்தான் எனக்கு அவள் மேல் மதிப்பு கூடியது. அடியில் ரப்பர் ஒட்டிய ஒரு மெத்தை அட்டைப்பூச்சி மாதிரிப் பிடித்துக்கொண்டது, எங்களுக்கு அதோடு விட்டால் போதும் என்று இருந்தது. அவள் அதைக் கழற்றி முதுகைத் தடவிப் பார்த்து, 'சூடா இருக்கு, முடியும் உரசிப் போயிருக்கு. நழுவாம இருந்தா மட்டும் போதாதும்மா, அவளுக்கு உறுத்தவும் கூடாது' என்று ஒதுக்கிவிட்டாள். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, கையில் கிடைத்த தீர்வைத் தள்ளிவைக்க அந்த வயதில் எனக்குத் தைரியம் வந்திருக்காது. இப்போதும் வருமா தெரியவில்லை. அப்புறம்தான் கம்பளி மெத்தை ஒன்று அமைந்தது, மெல்லியது, நடுவில் முதுகெலும்புக்கு நீளமாக இடம் விட்டு இரண்டு பக்கமும் கெட்டியாக இருப்பது.

அதுவும் கொஞ்சம் வழுக்கியது, கேள். மெத்தையைத் திருப்பி மோந்து பார்த்துவிட்டு, 'அப்பா, இவ முதுகுல என்ன தடவுறீங்க' என்று கேட்டாள். உன் அப்பா பெருமையோடு முடியைப் பளபளப்பாக்கும் எண்ணெய்ப் புட்டியைக் காட்டினார். 'மூத்தவ போட்டோ கேட்டாளே, கண்ணாடி மாதிரி இல்ல?' என்றார். தினமும் சாயங்காலம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்! அவள் சிரித்துக்கொண்டே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அன்றைக்கு முழுவதும் மனிதர் முகம் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தார், ஆனால் குளிப்பாட்டியதில் குறை வைக்கவில்லை.

கெடு நாளன்று லாயக்காரம்மா வந்து நின்றார். உன் தங்கை ஏறப்போனதும் தடுத்தார். 'நீ உட்கார்ந்தா எந்தச் சேணமும் நிக்கும், உனக்கு உடம்பை நிறுத்தத் தெரியும். எங்கிட்ட வர்றவங்களுக்குத் தெரியாதே. உங்கம்மாவை ஏத்து' என்றார். நான் ஆயுளில் குதிரை மேல் உட்கார்ந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். எதிர்ப் பக்கம் நின்று யாரும் அங்கவடியைப் பிடித்து அழுத்தக் கூடாது என்று நிபந்தனை வேறு. உன் தங்கை பட்டையைக் கொஞ்சம் இறுக்கினாள், உருண்டையை நாலடி நடத்தினாள், மறுபடி கொஞ்சம் இறுக்கினாள், மூச்சை உப்ப அவளுக்கு வாய்ப்பே தரவில்லை. பிறகு ஏறும் படியைக் கொண்டுவந்து வைத்தாள். பயப்படாதே என்று என்னிடம் சொல்லவில்லை. 'கையால தொங்காதேம்மா, காலை ஊனி எந்திரி' என்று மட்டும் சொன்னாள். அவள் பூட்டிவிட்டு வந்த கதவைக்கூட ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறவள் நான். அன்றைக்கு எதையும் இழுத்துப் பார்க்கவில்லை. காலை வைத்தேன், ஏறினேன். தொங்காதே என்று சொல்லியும் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறுகிறவள் மாதிரித் தொங்கித்தான் ஏறினேன். சேணம் என் எடைக்குக் கொஞ்சம் அமுங்கியது, பக்கவாட்டில் ஒரு விரற்கடைகூடப் போகவில்லை. இரண்டு திசையிலும் வட்டம் சுற்றினோம், சரிவில் ஏறி இறங்கினோம், கடைசியில் மெல்லோட்டமும் ஓடினோம். நான் மூட்டை மாதிரிக் குலுங்கினேன். உன் அப்பா வேலிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு, ஓட்டத் தெரியாதவன் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர் மாதிரி நின்றிருந்தார். உன் தங்கை மட்டும் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, மெத்தையின் நடுத் தையலும் குதிரையின் முதுகெலும்பும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கவனத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றியதில் எனக்குப் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை.

இறங்கியதும் லாயக்காரம்மா பட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார், மெத்தையைத் தூக்கி முதுகைத் தடவிப் பார்த்தார். பாராட்டு என்றால் பல்லைப் பிடுங்குகிற மாதிரி அவருக்கு. 'உருண்டை இங்கேயே இருக்கட்டும்' என்றார். நாலடி போய்த் திரும்பி, 'அந்தக் கறுப்பன் குதிரைக்கும் சேணம் முன்னால போய்க்கிட்டே இருக்கு, நாளைக்கு வந்து பாரு' என்றார். நானாக இருந்தால் சந்தோஷத்தில் தலையாட்டியிருப்பேன். இவள், 'முதல்ல அவன் முதுகைப் பார்க்கறேன், சேணத்தை அப்புறம் பேசலாம்' என்று சொன்னாள். லாயக்காரம்மா ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, 'சரிங்க' என்றார். அந்த அம்மா வாயிலிருந்து நம் வீட்டுச் சின்னதுக்கு ஒரு 'ங்க'! நான் உருண்டையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டேன்.

நீ நீண்ட ஆயுளோடும் தெம்போடும் இருக்க வேண்டும், கையிலெடுத்த வேலையெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும் என்று உன் அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். மறக்காமல் தங்கைக்கு நீயாகவே போன் செய், நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. இன்னொன்று, குதிரை உன்னுடையதுதான், அதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் விடுமுறைக்கு வரும்போது உன் தங்கையைக் கேட்காமல் உருண்டையின் முதுகில் ஒரு துணிகூடப் போடாதே.

என்றும் உன் நினைவோடு,
அம்மா