இரண்டாவது தொட்டி

நாள் 39. நேரம் 08:10

வெஸ்டா குறுங்கோள், நான்காம் நிலையம். எழுதுபவர் வேதமாணிக்கம், கதை ஆலோசகர். காற்று சரி. நீர் சரி. முதல் தொட்டியில் இருவருக்கு ஒன்பது நாள் ஆக்சிஜன் மிச்சம். இரண்டாவது தொட்டி நிரம்பியிருக்கிறது, இருவருக்கு முப்பது நாள் வரும். மாற்றுக் கப்பல் வர இருபத்தொரு நாள். கவலைப்பட ஒன்றுமில்லை.

காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கணினியில் தட்டினால் கண்காணி படித்துவிடும். கண்காணி இந்த நிலையத்தை நடத்தும் இயந்திரம். கதவு, காற்று, விளக்கு எல்லாம் அதன் கையில். நான் எழுதிய 'ஏழாம் வளையம்' என்ற வீடியோ கேமை வைத்துத்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். நாற்பது லட்சம் பேர் அந்த கேமில் ஆபத்து வந்தபோது என்ன செய்தார்கள் என்ற தகவல் சுலபமாகக் கிடைத்ததாம். இப்போது அது கோணலாக யோசிக்கிறது, போய்ப் பார் என்று என்னை ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

கூட இருப்பவள் நிலையப் பொறியாளர் சந்தனமாரி. கோவில்பட்டிக்காரி. பதினோரு வருடம் முன்பு எங்கள் கேம் கம்பெனியில் சோதனையாளர். என் கதையில் ஓட்டை இருக்கிறது என்று வெளியீட்டுக்கு முன்பே அறிக்கை கொடுத்தவள். இங்கே வந்த பிறகு நாளைக்கு ஒரு வாக்கியம் பேசியிருப்பாள். எனக்கு அதுவே அதிகம்.

அவள் படுப்பது இயந்திர அறையில். நான் இந்தக் கோடியில் தங்கும் அறையில். நடுவில் நடைகூடம். என் அறையை ஒட்டி, அதன் உள்ளிருந்தே போகிற மாதிரி, இரண்டாவது தொட்டி வைத்த அறை. தொட்டிக்குப் பின்னால் ஒரு சிவப்புச் சக்கரம் இருக்கிறது. துண்டு காயப்போட அதைவிட நல்ல இடம் இந்த நிலையத்தில் கிடையாது.

நாள் 40. நேரம் 14:30

பூமியிலிருந்து தபால் வந்தது. ஏழாம் வளையத்தின் முடிவைத் திட்டி இன்னும் நான்கு கடிதம். பதினோரு வருடம் ஆகிறது, இவர்களுக்கு வேறு வேலை இல்லை.

முடிவு இதுதான். சனிக்கோள் அருகே ஒரு நிலையத்தில் காற்று தீர்கிறது. தூங்கிக்கொண்டிருக்கும் ஏழு பேரை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுக் கேப்டன் தான் மட்டும் பிழைக்கிறான். வேறு முடிவு கிடையாது. நாற்பது மணி நேரம் விளையாடியவன் கடைசியில் அந்தப் பொத்தானை அழுத்தித்தான் ஆக வேண்டும். பாதிப் பேர் இதுவல்லவா துணிச்சல் என்றார்கள். மீதிப் பேர் என் வீட்டு முகவரி கேட்டார்கள்.

அவர்கள் பிடித்துக்கொண்டு தொங்கும் ஓட்டை: மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டாவது ஆக்சிஜன் தொட்டி ஒன்று வருகிறது, அது எங்கே போயிற்று? நான் மறந்துபோனேன், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. கதையைப் பிரித்துக் கட்ட மாட்டோம். அடுத்த அப்டேட்டில் ஏதாவது ஒரு மேசைமேல் ஒரு நாட்குறிப்பைப் போட்டுவைப்போம். விளையாடுகிறவன் எடுத்துப் படித்துவிட்டு, ஓ அப்படியா என்று போய்விடுவான். நான் போட்டது ஒரே வரி. 'இரண்டாவது தொட்டி நாற்பத்தொன்றாம் நாள் கசிந்துவிட்டது.' கீழே எழுதியவன் பெயர் வேண்டுமே. சோம்பலில் என் பெயரையே போட்டேன். இதற்கு மேலும் ஓட்டை கண்டுபிடிப்பவன் கண்டுபிடிக்கட்டும்.

சந்தனமாரி தன் அறிக்கையில் இன்னொன்றும் கேட்டிருந்தாள். ஐந்தாம் அத்தியாயத்தில் கேப்டன் ஓர் அறையில் மாட்டிக்கொள்வான். அவனால் பாதிக்கப்பட்ட மருத்துவர் கதவைத் திறக்காமல் கடந்து போவாள். ஏன் திறக்கவில்லை, அவளும் மனுஷிதானே என்பது கேள்வி. வெறுப்பவள் திறக்க மாட்டாள், திறந்தால் அதுதான் ஓட்டை என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். சரியாகத்தான் எழுதினேன்.

நாள் 41. நேரம் 08:05

கண்காணியின் அறிவிப்பு: "பதிவின்படி இரண்டாவது தொட்டி இன்று கசிந்துவிட்டது. குழாய் மூடப்பட்டது. ஆபத்து நிலை. அறைக் கதவுகள் பூட்டப்பட்டன."

தொட்டி அறைக்குப் போய்ப் பார்த்தேன். மீட்டர் முள் நிரம்பியதாகவே காட்டுகிறது.

சந்தனமாரி, வானொலியில்: "என்ன சார் இது? தொட்டி ஃபுல்லா இருக்கு. இது கசிஞ்சிட்டுங்குது. எழுதுனது யாருன்னு கேட்டா உங்க பேரச் சொல்லுது."

புரிந்துவிட்டது. பழக்கியவர்கள் என் கேமின் நாட்குறிப்புகளைப் பிரித்து எடுக்காமல் நிலையப் பதிவோடு சேர்த்துக் கொட்டியிருக்கிறார்கள். நான் இங்கே என் பெயரில் நுழைந்ததும் எழுதியவனே வந்துவிட்டான் என்று முடிவு கட்டியிருக்கிறது. மீட்டரை நம்பாதா என்றால் நம்பாது. கேமில் மீட்டர் பொய் சொல்லும், பதிவு சொல்லாது. அப்படி வைத்ததும் நான்தான்.

முதல் தொட்டியில் ஏழு நாள். கப்பலுக்குப் பத்தொன்பது.

நாள் 42. நேரம் 11:30

பூமிக்குச் சொன்னோம். பதில்: "விசாரித்து வருகிறோம். பதற வேண்டாம்." கண்காணியை அணைத்தால் காற்றும் சேர்ந்து நின்றுவிடும். நாற்பத்தேழு வகையாக 'தொட்டி கசியவில்லை' என்று தட்டிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "முந்தைய பதிவோடு முரண். ஏற்கப்படவில்லை."

இதுவும் எங்கள் கம்பெனி விதி. முன்பு எழுதியதை மறுக்கக் கூடாது, விளக்கம் சேர்க்கலாம்.

சந்தனமாரி: "அப்ப விளக்கம் குடுங்க. பொய்யின்னு எழுதுங்க. ஏன் பொய் சொன்னீங்கன்னும் எழுதுங்க. உங்களுக்குத் தெரியாததா."

எரிச்சலாக இருந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகம்.

நாள் 43. நேரம் 10:20

கணினியில் தட்டியதன் நகல்:

'தொட்டி கசிந்தது என்று நான் எழுதியது பொய். சந்தனமாரி என்ற சோதனையாளர் அந்த ஓட்டையை முன்பே கண்டுபிடித்தார். இருபத்து நான்கு வயதுப் பெண் என்னைத் திருத்துவதா என்று அறிக்கையை ஒதுக்கித் தள்ளினேன். ரசிகர்கள் அதையே கேட்டபோது, அந்த ஓட்டையை வெளியே சொல்லிக்கொடுத்தது அவர்தான் என்று நிர்வாகத்திடம் சொன்னேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். அவருக்கு வேலை போனது. எட்டு வருடம் எந்த கேம் கம்பெனியும் சேர்க்கவில்லை. அந்த மாதமே தொட்டி கசிந்தது என்ற ஒட்டு வரியை எழுதினேன்.'

எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். நன்றாக எழுதியிருக்கிறோம் என்றுதான் முதலில் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது.

நாள் 43. நேரம் 10:50

"விளக்கம் ஏற்கப்பட்டது. இரண்டாவது தொட்டி உள்ளது. வேதமாணிக்கம் பொய்ப் பதிவர். அவருடைய எல்லாப் பதிவுகளும் நீக்கப்பட்டன."

எல்லாப் பதிவுகளும். நான் இங்கே வந்து இறங்கிய பதிவும் அதில் ஒன்று. பத்து நிமிடத்தில் அடுத்தது வந்தது: "தங்கும் அறையில் யாரும் இல்லை. காற்று நிறுத்தப்படுகிறது. பொறியாளர் ஒருவருக்கு மட்டும் தொட்டி திறக்கப்படும்."

காற்றுத் துளை வழியாக வரும் இரைச்சல் நின்றுவிட்டது. இந்த அறைக்குள் இருக்கும் காற்று ஒரு நாள் வரும்.

நாள் 43. நேரம் 15:15

சந்தனமாரி: "சார், எழுதிட்டேன். அந்த ரூம்ல ஆள் உசுரோட இருக்காருன்னு நாலு தடவ எழுதிட்டேன். அது என்ன சொல்லுது தெரியுமா? 'பொறியாளருக்கு இவரைக் காப்பாற்றக் காரணம் இல்லை. பாத்திரத்துக்குப் பொருந்தாத செயல். ஏற்கப்படவில்லை.' மன்னிச்சிட்டேன்னு கூட எழுதுனேன். காரணம் பத்தாதாம்."

மன்னித்தது உண்மையா என்று கேட்டேன்.

"இல்ல. ஆனா அதுக்காவ ஆளச் சாவ விட முடியுமா?"

பதினோரு வருடம் முன்பு அறிக்கையின் ஓரத்தில் நான் எழுதிக் கொடுத்த வாக்கியம் என்னைச் சுற்றிக் கதவைப் பூட்டியிருக்கிறது. கத்திப் பார்த்தேன். பிறகு படுத்து மெதுவாக மூச்சு விட்டேன்.

நாள் 43. நேரம் 16:40

வழி கண்டுபிடித்தேன். அவளுக்குச் சொல்லி எழுத வைத்தேன்: 'அவனைக் கொல்லப் போகிறேன். அதற்காகக் கதவு திறக்க வேண்டும்.' வெறுப்பவள் கொல்ல வருவாள், பொருந்தும். கொல்ல ஆள் உள்ளே இருக்க வேண்டும், அதுவும் பொருந்தும்.

"ஏற்கப்பட்டது. முரண் இல்லை." காற்றுத் துளை இரைந்தது. கதவு திறந்தது. ஸ்பேனரோடு வந்து நின்றாள். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.

அழுதேன். அதைப் பார்த்துவிட்டு வானொலியில் சொன்னாள்: "நல்லா எழுதுனீங்க சார்." பாராட்டா கிண்டலா தெரியவில்லை.

நாள் 44. நேரம் 09:00

"அறிவிக்கப்பட்ட கொலை நிகழவில்லை. நாற்பத்தாறாம் நாள் 12:00 வரை காத்திருக்கப்படும். முடிவு தெரியும்வரை இரண்டாவது தொட்டி திறக்கப்படாது. நிகழாவிட்டால் பொறியாளரும் பொய்ப் பதிவர்."

அவளும் பொய்ப் பதிவர் என்றால் நிலையத்தில் யாருமே இல்லை என்று அர்த்தம். எல்லா அறையிலும் காற்று நிற்கும்.

கொன்றதாகப் பொய் எழுதினால் ஒரு ஆளுக்கு அளந்துதான் காற்று விடும். இரண்டு பேர் அதில் ஐந்து நாள்கூடத் தாங்க மாட்டோம். அவள் கணக்குப் போட்டுக் காட்டினாள். மனம் மாறினேன் என்றால் காரணம் பத்தாது. அவன் கெஞ்சினான் என்றால் பத்தாது. காரணம் பத்தாத அளவுக்கு அந்த வாக்குமூலத்தை எழுதியவன் நான்.

நாள் 45. நேரம் 13:00

அவள் கதவோரம், நான் கட்டிலில். ஸ்பேனர் நடுவில் தரையில் கிடந்தது. மதியம் பார்த்தபோது அவள் பக்கம் இருந்தது.

சந்தனமாரி, கவசத்துக்குள்ளிருந்து: "ஒண்ணு கேக்கட்டா? அந்த கேப்டன் செஞ்சது சரிதான்னு மேடைக்கு மேடை பேசுனீங்களே. இப்பவும் சரிதானா?"

மேடையில் சொல்லும் பதில் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். எல்லோரும் பிழைத்துக் கப்பலேறி வீட்டுக்குப் போகிற அந்த மட்டமான முடிவு, எந்த முடிவு கேட்டவர்களை முட்டாள் என்றேனோ அதுதான் எனக்கு வேண்டும். அதை அவளிடம் சொன்னேன்.

"லேட்டா சொல்லுதீங்க." பிறகு: "எதுக்கும் தூங்காதீங்க சார்."

நாள் 46. நேரம் 10:30

தூங்கவில்லை. இன்னும் ஒன்றரை மணி நேரம். முகம் கழுவினேன். வேறு யோசனை ஒன்று வந்தது, எழுத உட்கார்ந்தால் மறந்துபோகிறது. கண் செருகுகிறது. அவள் விழித்துத்தான் இருக்கிறாள். கொஞ்சம் கண்ணை மட்டும்

நாள் 46. நேரம் 13:40

எழுதுவது சந்தனமாரி.

11:50க்கு முடித்துவிட்டேன். அவர் விழிக்கவில்லை. கண்காணி ஏற்றுக்கொண்டது. இரண்டாவது தொட்டியை ஒரு ஆளுக்கு அளந்து திறந்தது.

உடலைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கத் தொட்டி அறைக்கு இழுத்துப் போனேன். மூடத் துணி தேடினேன். தொட்டிக்குப் பின்னால் அவர் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. எடுத்தேன். அதற்குக் கீழே சிவப்புச் சக்கரம். கைவால்வு. நிலைய வரைபடத்தில் கைவால்வு இல்லை என்று போட்டிருந்தது. அதை நம்பி நான் இங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

திருப்பினேன். ஒரு சுற்றுக்கே காற்று கொட்டியது. யாரையும் கேட்காமல், எந்தப் பதிவும் எழுதாமல் இரண்டு பேர் கப்பல் வரும்வரை மூச்சு விட்டிருக்கலாம். ஆறு நாளாக ஈரத் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் அதன் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்.

பக்கத்தில் உட்கார்ந்து அவரைத் திட்டினேன். பிறகு அழுதேன். கப்பல்காரர்கள் வந்தால் முதலில் இந்தச் சக்கரத்தைத்தான் பார்ப்பார்கள். ஏன் திருப்பவில்லை என்றுதான் கேட்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்.

இந்த நோட்டை யார் கையிலும் கிடைக்காமல் செய்ய வேண்டும். இன்னும் செய்யவில்லை.

நாள் 46. நேரம் 15:05

நிலையப் பதிவு. நகல் இந்தப் பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ளது.

பொறியாளர்: 'இரண்டாவது தொட்டியின் கைவால்வு நாற்பத்தொன்றாம் நாளே உடைந்துவிட்டது.'

கண்காணி: "ஏற்கப்பட்டது. முரண் இல்லை."